பத்து கிலோமீட்டரில் நான்கு முறை நாடு மாறும் சாலை: அயர்லாந்தின் ஏரி மாவட்டங்களில் சைக்கிள் பயணம் செய்வோர் அறிய வேண்டியவை

அயர்லாந்துத் தீவின் மோனகன் மாவட்டத்தில் உள்ள குளோனிஸ் நகரிலிருந்து கேவன் நகரை நோக்கிச் சைக்கிளில் புறப்படும் ஒருவர், வழியில் சுமார் பத்து கிலோமீட்டர் தொலைவுக்குள் நான்கு முறை நாட்டு எல்லையைக் கடக்கிறார். அயர்லாந்துக் குடியரசில் 'என்54' என்று பெயர் பெற்ற அந்தச் சாலை, ஐக்கிய ராஜ்யத்துக்கு உட்பட்ட வட அயர்லாந்துக்குள் நுழைந்ததும் 'ஏ3' ஆகிறது. மீண்டும் என்54, மீண்டும் ஏ3, பிறகு மறுபடியும் என்54. வழியில் சுங்கச்சாவடி இல்லை. தடுப்புக் கம்பி இல்லை. சீருடை அணிந்த எவரும் கடவுச்சீட்டைக் கேட்பதில்லை. சாலையோரக் கோட்டின் நிறம் மஞ்சளிலிருந்து வெள்ளைக்கு மாறுவதையும், வேகக் கட்டுப்பாட்டுப் பலகையில் கிலோமீட்டர் மைலாக மாறுவதையும் கவனிப்பவருக்கு மட்டுமே நாடு மாறியது தெரியும்.

கேவன், மோனகன், லீட்ரிம் ஆகிய மூன்றும் குடியரசைச் சேர்ந்த மாவட்டங்கள். அவற்றை ஒட்டியுள்ள ஃபெர்மானா வட அயர்லாந்தைச் சேர்ந்தது. நான்கும் சேர்ந்து ஏரிகளும் சிறு குன்றுகளும் நிறைந்த ஒரே நிலப்பரப்பாக விளங்குகின்றன. போக்குவரத்து குறைந்த கிராமச் சாலைகளை நாடும் சைக்கிள் ஓட்டிகளிடையே இப்பகுதிக்குத் தனி மதிப்பு உண்டு. சாலையில் கண்ணுக்குத் தெரியாத அந்த எல்லைக்கோடு, இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவரைப் பொறுத்தவரை சட்டத்தில் மிகத் தெளிவாகவே இருக்கிறது. விடுமுறைக்குச் செல்வோரும், அங்கு படிக்கவும் பணியாற்றவும் சென்றுள்ள ஆயிரக்கணக்கான இந்தியரும் இதை அறிந்துகொண்ட பிறகே சைக்கிளில் ஏற வேண்டும்.

பனிப்பாறை விட்டுச் சென்ற மேடுகள்

இப்பகுதியின் வரைபடத்தில் பெரிய மலைகள் அதிகம் இல்லை. இருந்தும் நாள் முழுவதும் சைக்கிள் ஓட்டியவர், மலையேறியவரைப் போலக் களைத்துப் போகிறார். கடைசிப் பனியுகத்தில் அயர்லாந்தின் பெரும்பகுதியை மூடியிருந்த பனிப்படலம் நகர்ந்தபோது, தனக்கு அடியில் இருந்த களிமண்ணையும் கற்களையும் நீள்வட்டக் குவியல்களாக வடித்துவிட்டுச் சென்றதே இதற்குக் காரணம். 'டிரம்லின்' என்று புவியியலாளர் அழைக்கும் இக்குன்றுகளின் பெயரே ஐரிஷ் மொழியிலிருந்து உலக அறிவியலுக்குச் சென்ற சொல்லாகும். சிறு முதுகு மேடு என்பது அதன் பொருள். நம்மூர்த் திட்டு, மேடு, பொத்தை ஆகிய எச்சொல்லும் அதற்கு முழுமையாகப் பொருந்தவில்லை. கூடையில் அடுக்கிய முட்டைகளைப் போன்ற நிலம் என்று பாடநூல்கள் இதை வருணிப்பதுண்டு. தீவின் கிழக்கே டவுன் மாவட்டம் முதல் மேற்குக் கடற்கரை வரை ஆயிரக்கணக்கான டிரம்லின்கள் ஒரு பட்டையாகப் பரவியுள்ளன. கேவனும் மோனகனும் அப்பட்டையின் நடுவே அமைந்துள்ளன.

ஒரு டிரம்லின் பெரும்பாலும் சில பத்து மீட்டர் உயரமே இருக்கும். தனியாகப் பார்த்தால் அது ஒரு பொருட்டல்ல. ஆனால் 30 மீட்டர் உயரமுள்ள மேடுகள் முப்பதை ஒரே நாளில் ஏறி இறங்கினால், மொத்த ஏற்றம் 900 மீட்டரைத் தொடுகிறது. நீலகிரியில் கல்லாறிலிருந்து மேலேறும் சாலையில் ஓட்டுபவர் ஒரே சீரான தாளத்தில் மிதிக்கலாம். எவ்வளவு மீதம் என்பதும் தெரியும். இங்கு அந்தத் தாளம் அமைவதே இல்லை. இரண்டு நிமிட ஏற்றம், அரை நிமிட இறக்கம், ஒரு வளைவு, மறுபடியும் ஏற்றம். கியர் மாற்றுவதே பாதி வேலையாகிவிடும். உயரத்தைக் காட்டாத வரைபடத்தைப் பார்த்து நாளொன்றுக்கு 100 கிலோமீட்டர் என்று திட்டமிடும் புதியவர் அதை 60 ஆகக் குறைத்துக்கொள்வது நல்லது.

இதில் ஒரு நுட்பமும் உண்டு. பனிப்படலம் நகர்ந்த திசையிலேயே டிரம்லின்கள் நீண்டிருப்பதால், ஒரு வட்டாரத்தில் உள்ள குன்றுகள் யாவும் ஏறத்தாழ ஒரே திசையை நோக்கிப் படுத்திருக்கும். அவற்றின் நீளவாக்கில் செல்லும் சாலை பள்ளத்தாக்கை ஒட்டி எளிதாக நீள்கிறது. குறுக்குவாக்கில் செல்லும் சாலையோ ஒவ்வொரு குன்றின் முதுகிலும் ஏறி இறங்குகிறது. ஒரே தொலைவுள்ள இரு வழிகளில் ஒன்று இலகுவாகவும் மற்றொன்று கடினமாகவும் இருப்பதற்கு இதுவே காரணம். உயரக்கோடுகள் உள்ள வரைபடத்தில் இதை முன்கூட்டியே காணலாம். இரு நாடுகளின் நிலஅளவைத் துறைகளும் 1:50,000 அளவில் வெளியிடும் வரைபடத் தாள்கள் ஒரே கட்ட அமைப்பையும் ஒரே தொடர் எண்ணையும் பின்பற்றுகின்றன என்பது குறிப்பிடத்தக்கது. நிலம் பிரிந்த பிறகும் தாள்கள் பிரியவில்லை.

ஊர்ப்பெயர்களும் வழி சொல்லும். மேட்டுப்பாளையம், பள்ளப்பட்டி என்ற பெயர்களைக் கேட்டதுமே தமிழருக்கு நிலத்தின் ஏற்ற இறக்கம் விளங்குவது போல, 'டிரம்' என்று தொடங்கும் ஊர்ப்பெயர் முதுகு மேட்டைக் குறிக்கிறது. இப்பகுதி வரைபடத்தில் அத்தகைய பெயர்களை எண்ணி மாளாது. ஃபெர்மானாவின் தலைநகரான எனிஸ்கில்லனின் முதற்பகுதி தீவைக் குறிக்கிறது. அந்நகரின் பழைய பகுதி இன்றும் எர்ன் ஆற்றின் இரு கிளைகளுக்கு நடுவே தீவாகவே உள்ளது.

தண்ணீர் போக வழியில்லாத நிலம்

ஏரி என்றதும் நம் மனத்தில் தோன்றுவது கரையும் மதகும் கலிங்கும் கொண்ட, மனிதர் கட்டிய நீர்நிலை. அயர்லாந்தின் இந்த ஏரிகள் அப்படிப்பட்டவை அல்ல. டிரம்லின்கள் ஒழுங்கின்றிச் சிதறிக் கிடப்பதால் மழைநீர் வடிந்தோட நேர்வழி இல்லை. களிமண் நீரை உறிஞ்சுவதும் குறைவு. எனவே இரு குன்றுகளுக்கு இடையே உள்ள பள்ளங்களெல்லாம் குளமாகவோ சதுப்பாகவோ மாறிவிட்டன. ஆண்டின் நாளுக்கு ஒன்றாகத் தங்கள் மாவட்டத்தில் 365 ஏரிகள் இருப்பதாகக் கேவன் மக்கள் பெருமையுடன் சொல்வார்கள். ஃபெர்மானா மக்களிடம் வேறொரு வழக்கு உண்டு: ஆண்டில் ஆறு மாதம் ஏரிகள் ஃபெர்மானாவில் இருக்கும், மீதி ஆறு மாதம் ஃபெர்மானா ஏரிகளில் இருக்கும்.

இவ்வேரிகளைக் கோத்துச் செல்லும் நூல் எர்ன் ஆறு. கேவன் மாவட்டத்தில் தோன்றி வடக்கு நோக்கி ஓடி, ஊக்டர் ஏரி, மேல் எர்ன் ஏரி, எனிஸ்கில்லன், கீழ் எர்ன் ஏரி ஆகியவற்றைக் கடந்து, டொனகால் மாவட்டத்தில் பாலிஷானன் அருகே அட்லாண்டிக் பெருங்கடலில் கலக்கிறது. வரைபடத்தைப் பார்ப்பவருக்கு இங்கு ஒரு குழப்பம் நேரும்: 'மேல்' ஏரி தெற்கிலும் 'கீழ்' ஏரி வடக்கிலும் உள்ளன. ஆற்றின் போக்கை வைத்து இட்ட பெயர்கள் அவை. கீழ் ஏரி கடல் போல் அகன்றது. மேல் ஏரியோ நூற்றுக்கணக்கான துண்டுகளாகத் தீவுகளுக்கு நடுவே சிதறிக் கிடக்கிறது. உண்மையில் அத்தீவுகளில் பல, தண்ணீரில் பாதி மூழ்கிய டிரம்லின்களே.

தாழ்ந்த நிலம் ஈரமாக இருந்ததால் பழைய சாலைகள் குன்றுகளின் சரிவிலேயே அமைந்தன. ஏரியைச் சுற்றி வளைந்து, அடுத்த குன்றில் ஏறி, பண்ணை வீட்டின் வாசலை உரசிக்கொண்டு அவை செல்கின்றன. நேர்ச்சாலை அரிது. குடியரசில் உள்ள சுமார் ஒரு லட்சம் கிலோமீட்டர் சாலைகளில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் இத்தகைய உள்ளூர்ச் சாலைகள்தாம். அவற்றிலும் மிகக் குறுகியதை 'போரீன்' என்கிறார்கள். பசுவைக் குறிக்கும் பழஞ்சொல்லிலிருந்து பிறந்ததாகக் கருதப்படும் பெயர் அது. ஒரு கார் மட்டுமே செல்லக்கூடிய அகலம், இருபுறமும் ஆளுயர முள்வேலிச் செடிகள், நடுவே புல் முளைத்த கோடு. எதிரே டிராக்டர் வந்தால் சைக்கிளுடன் வேலியில் ஒண்டிக்கொள்ள வேண்டியதுதான். கரிச்சேற்று நிலத்தின் மீது போடப்பட்ட சாலைகள் காலப்போக்கில் அலை அலையாக அமிழ்ந்துவிடுகின்றன. அவற்றில் இறக்கத்தில் வேகமாகச் செல்வது ஆபத்து.

தகர்க்கப்பட்ட சாலைகள், திறக்கப்பட்ட பாலங்கள்

இன்று அமைதி தவழும் இதே கிராமச் சாலைகள் ஒரு தலைமுறைக்கு முன் சாலைகளாகவே இருக்கவில்லை. 1921-இல் அயர்லாந்து பிரிக்கப்பட்டபோது, எல்லைக்கோடு பழைய மாவட்ட எல்லைகளை அப்படியே பின்பற்றி வரையப்பட்டது. நாட்டு எல்லையாக அமையும் என்று எவரும் எண்ணி வகுத்த கோடுகள் அல்ல அவை. வயல்களின் நடுவே, ஓடைகளின் வழியே, சில இடங்களில் ஊர்களின் குறுக்கேயும் அவை சென்றன. சுமார் 500 கிலோமீட்டர் நீளமுள்ள எல்லையில் 200-க்கும் மேற்பட்ட சாலைக் கடப்புகள் உள்ளன. 1923-இல் சுங்கச் சோதனை தொடங்கியதும் அவற்றில் சில மட்டுமே 'அனுமதிக்கப்பட்ட சாலைகள்' ஆயின.

1960-களின் இறுதியில் வட அயர்லாந்தில் வன்முறை மூண்ட பிறகு நிலைமை மோசமடைந்தது. ஆயுதக் குழுக்களின் நடமாட்டத்தைத் தடுப்பதற்காக நூற்றுக்கும் மேற்பட்ட சிறு சாலைகளை பிரிட்டிஷ் ராணுவம் வெடிவைத்துப் பள்ளமாக்கியது; கான்கிரீட் கட்டைகளையும் இரும்பு முளைகளையும் நட்டு மூடியது. எல்லைக்கு அப்பால் நிலம் வைத்திருந்த விவசாயிகளும், அடுத்த ஊர்த் தேவாலயத்துக்குச் செல்ல வேண்டியவர்களும் பல மைல் சுற்றிச் செல்ல நேர்ந்தது. ஊர்மக்கள் திரண்டு பள்ளங்களை மண்ணிட்டு நிரப்புவதும், ராணுவம் மீண்டும் வந்து தகர்ப்பதும் பல இடங்களில் தொடர்கதையாயின.

கேவன் மாவட்டத்தின் பெல்டர்பெட் நகருக்கு வடக்கே, டப்ளினையும் எனிஸ்கில்லனையும் இணைத்த நெடுஞ்சாலையில் இருந்த அஹலேன் பாலம் 1972-இல் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டது. ஒரு பாலம் போனதோடு பெல்டர்பெட்டின் வடக்கு வாசலே அடைபட்டு, ஊரின் வணிகமும் தளர்ந்தது. 1998 ஏப்ரல் 10 அன்று புனித வெள்ளி ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு, 1999-இல் அங்கு புதிய பாலம் திறக்கப்பட்டது. பேச்சுவார்த்தைக்குத் தலைமை வகித்த அமெரிக்க செனட்டர் ஜார்ஜ் மிட்செலின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. இடைப்பட்ட காலம் 27 ஆண்டுகள். பள்ளியில் சேர்ந்த குழந்தை பெற்றோராகும் காலம் அது.

நீர்வழியும் அவ்வாறே. ஷானன், எர்ன் ஆகிய இரு ஆறுகளையும் இணைத்து 1860-இல் திறக்கப்பட்ட கால்வாய், படகுகள் வராததால் ஒன்பதே ஆண்டுகளில் கைவிடப்பட்டது. நூற்றாண்டுக்கும் மேலாகத் தூர்ந்து கிடந்த அதை இரு அரசுகளும் சேர்ந்து சீரமைத்து 1994-இல் மீண்டும் திறந்தன. 63 கிலோமீட்டர் நீளமும் 16 நீர்க்கதவுகளும் கொண்ட இந்நீர்வழி, லீட்ரிம் மாவட்டத்திலிருந்து மேல் எர்ன் ஏரி வரை செல்கிறது. இதை ஒட்டிய சாலைகளில் பயணிப்போர் பாலினமோர், பாலிகானல் ஆகிய சிற்றூர்களில் தங்கிச் செல்வது வழக்கம்.

எந்த வழியில் செல்வது?

முதன்முறை செல்வோர் கேட்கும் பெயர் 'மீன்கொத்தி சைக்கிள் பாதை' என்பதாகும். தீவிலேயே முதன்முதலாக வரைபடமிட்டு அறிவிக்கப்பட்ட நெடுந்தொலைவுச் சைக்கிள் வழி இது. பல வளையங்களாக அமைந்த இதன் மொத்த நீளம் சுமார் 480 கிலோமீட்டர். ஃபெர்மானா, லீட்ரிம், கேவன், மோனகன், டொனகால் ஆகிய ஐந்து மாவட்டங்களின் கிராமச் சாலைகளில் செல்லும் இப்பாதை எல்லையைப் பல இடங்களில் கடக்கிறது. தனியாகச் சைக்கிளுக்கென்று கட்டப்பட்ட பாதை என்று எண்ணிச் செல்வோர் ஏமாறுவர். இருக்கின்ற சிறு சாலைகளைத் தேர்ந்தெடுத்துப் பலகை நட்டிருக்கிறார்கள், அவ்வளவே. பலகையை மட்டும் நம்பாமல் வரைபடத்தையும் கையில் வைத்திருப்பது நல்லது. முழுப் பாதையையும் சுற்ற ஒரு வாரம் தேவைப்படும். ஒரு வளையத்தை மட்டும் தேர்ந்தெடுத்து இரண்டு மூன்று நாட்களில் முடிப்பவர்களும் உண்டு.

ஒரு நாள் மட்டுமே உள்ளவர்களுக்குக் கீழ் எர்ன் ஏரியைச் சுற்றிவரும் வழி பொருத்தமானது. எனிஸ்கில்லனில் தொடங்கி அங்கேயே முடியும் இந்தச் சுற்று ஏறக்குறைய 90 கிலோமீட்டர். ஏரிக்குள் உள்ள டெவனிஷ் தீவில் ஆறாம் நூற்றாண்டில் தொடங்கப்பட்ட துறவியர் மடத்தின் இடிபாடுகளும், பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த உயரமான வட்டக் கோபுரமும் உள்ளன. சாலையிலிருந்தே கோபுரம் தெரியும். கிழக்குக் கரையில் உள்ள காசில் ஆர்க்டேல், இரண்டாம் உலகப் போரில் நீர்விமானத் தளமாக இருந்தது. 1941 மே 26 அன்று ஜெர்மனியின் 'பிஸ்மார்க்' போர்க்கப்பலைக் கடலில் கண்டறிந்த கேட்டலினா விமானம் இந்த ஏரியிலிருந்து புறப்பட்டதுதான். போரில் நடுநிலை வகித்த அயர்லாந்து அரசு, டொனகால் நிலப்பரப்பின் மீது அவ்விமானங்கள் கடலுக்குப் பறந்து செல்லச் சத்தமின்றி அனுமதி அளித்திருந்தது.

அங்கிருந்து வடக்கே சென்றால் பாலங்களால் இணைக்கப்பட்ட போவா தீவு வருகிறது. தீவின் நீளவாக்கிலேயே சாலை செல்வதால் இருபுறமும் தண்ணீரைப் பார்த்தபடி ஓட்டலாம். அங்குள்ள பழைய இடுகாட்டில், முன்னும் பின்னும் முகம் கொண்ட ஒரு கற்சிலை நிற்கிறது. அதன் காலம் குறித்து அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. எல்லையோரம் இரு நாடுகளைப் பார்க்கும் இரு முகச் சிலை என்று பயண எழுத்தாளர்கள் எழுதுவதுண்டு. சிலை எல்லையைவிடப் பல நூற்றாண்டுகள் மூத்தது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

சற்று விலகிச் சென்றால் பெட்டிகோ என்ற சிற்றூர். ஊரின் நடுவே ஓடும் டெர்மன் ஆறே எல்லை; பாலத்தின் ஒருபுறம் டொனகால், மறுபுறம் ஃபெர்மானா. ஒரே ஊர், இரு நாணயம். ஏரியின் மேற்கு முனையில் உள்ள பெலீக், 1857-இல் தொடங்கிய பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்றது. பெலீக்கிலிருந்து தெற்குக் கரை வழியாக எனிஸ்கில்லன் திரும்பும் ஏ46 சாலை மட்டும் எச்சரிக்கைக்கு உரியது. ஏரிக்கும் மாஹோ செங்குத்துப் பாறைகளுக்கும் இடையே அழகாகச் சென்றாலும், அதில் வாகனங்கள் விரைவாகச் செல்கின்றன. காலை வேளையில் இந்தப் பகுதியைக் கடக்கும்படி சுற்றின் திசையை மாற்றிக்கொள்வது அறிவுடைமை.

அமைதியையே முதன்மையாகக் கருதுவோருக்கு ஊக்டர் ஏரி வட்டாரம் ஏற்றது. முழுதும் கேவன் மாவட்டத்துக்குள், குடியரசின் எல்லைக்குள்ளேயே இருப்பதால் விசா குறித்த கவலையும் இல்லை. கில்லஷாண்ட்ரா, கில்லிகீன் வனப்பூங்கா, பட்லர்ஸ்பிரிட்ஜ் என்று அரை நாளில் சுற்றி வரலாம். ஏரியின் நடுவே தீவை முழுவதுமாக அடைத்துக்கொண்டு நிற்கும் கிளாக் ஊக்டர் வட்டக் கோட்டை பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1653-இல் கிராம்வெல்லின் படையிடம் கடைசியாக வீழ்ந்த கோட்டை இது. கரையிலிருந்து பார்க்க மட்டுமே முடியும். அருகே செல்லப் படகு வேண்டும்.

மேற்கே ஃபெர்மானாவுக்கும் கேவனுக்கும் நடுவே 665 மீட்டர் உயரமுள்ள குல்கா மலை நிற்கிறது. அயர்லாந்தின் மிக நீளமான ஆறான ஷானன் அதன் சரிவில் ஒரு சிறு குட்டையாகத் தோன்றுகிறது. எல்லையின் இருபுறமும் பரவிய இவ்வட்டாரம், 2008-இல் உலகின் முதல் எல்லை கடந்த புவிப்பூங்காவாக அங்கீகரிக்கப்பட்டது.

இந்தியர் கவனிக்க வேண்டிய விசா விதி

இக்கட்டுரையின் முக்கியமான பகுதி இதுவே. அயர்லாந்தும் ஐக்கிய ராஜ்யமும் 1920-களிலிருந்து 'பொதுப் பயணப் பகுதி' என்ற ஏற்பாட்டைப் பின்பற்றி வருகின்றன. இதன்படி இரு நாட்டுக் குடிமக்களும் தடையின்றி இரு பக்கமும் செல்லலாம், வாழலாம், பணியாற்றலாம். அவ்வுரிமை இரு நாட்டுக் குடிமக்களுக்கு மட்டுமே உரியது. இரு நாடுகளும் ஐரோப்பாவின் ஷெங்கன் விசாப் பகுதியில் இல்லை என்பதால் ஷெங்கன் விசாவும் இங்கு உதவாது. பிரெக்சிட்டுக்குப் பிறகும் தரை எல்லையில் சோதனை இல்லை என்ற நிலை தொடர்கிறது. ஆனால் சோதனை இல்லை என்பதற்கு அனுமதி உண்டு என்று பொருள் கொள்ளக்கூடாது.

இந்தியக் கடவுச்சீட்டில் அயர்லாந்து விசா மட்டும் வைத்திருப்பவர், சைக்கிளில் ஃபெர்மானாவுக்குள் நுழைந்தால் ஐக்கிய ராஜ்யத்துக்குள் அனுமதியின்றி நுழைந்தவராகிறார். ஐக்கிய ராஜ்ய விசாவுடன் கேவனுக்குள் நுழைபவருக்கும் இதே நிலைதான். குளோனிஸ்–கேவன் சாலையில் இந்தத் தவறு பத்து கிலோமீட்டரில் இரண்டு முறை நேரும். எல்லைக் கடப்பில் எவரும் தடுக்கமாட்டார்கள் என்பது உண்மை. ஆனால் எல்லை கடக்கும் பேருந்துகளிலும் ரயில்களிலும் அயர்லாந்துக் காவல்துறையினர் அவ்வப்போது ஆவணங்களைச் சோதிப்பதுண்டு. சைக்கிள் பழுதாகிப் பேருந்தில் திரும்ப நேர்ந்தாலோ, விபத்துக்குள்ளாகி எல்லைக்கு அப்பால் மருத்துவமனையில் சேர நேர்ந்தாலோ, பிற்காலத்தில் வேறு விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதோ இது சிக்கலாகலாம்.

சுற்றுலா, உறவினரைக் காணல் போன்ற குறுகிய காலப் பயணங்களுக்கு ஒரு தீர்வு உண்டு. 'பிரிட்டிஷ்–ஐரிஷ் விசா திட்டம்' இந்தியருக்கும் சீனருக்கும் பொருந்தும். இந்தியருக்கு 2015-இல் நடைமுறைக்கு வந்தது. இத்திட்டத்தின் கீழ் வழங்கப்படும் விசாவில் அதற்கான குறிப்பு அச்சிடப்பட்டிருக்கும். அக்குறிப்பு இருந்தால் ஒரே விசாவில் இரு நாடுகளுக்கும் செல்லலாம். தங்கும் காலத்துக்குள் எல்லையைப் பலமுறை கடக்கலாம். விசா வழங்கிய நாட்டுக்குள் முதலில் நுழைய வேண்டும் என்பது நிபந்தனை. அயர்லாந்து விசா பெற்றவர் டப்ளினில் இறங்கிய பிறகே பெல்ஃபாஸ்ட் பக்கம் செல்லலாம். நேரடியாக பெல்ஃபாஸ்டில் இறங்கக்கூடாது. விசா ஒட்டியை வாங்கியதும் அதில் அக்குறிப்பு இருக்கிறதா என்று பார்ப்பதே முதல் வேலை. எல்லா விசாவிலும் அது தானாக இடம்பெறுவதில்லை.

அயர்லாந்தில் தங்கிப் படிப்போரும் பணியாற்றுவோரும் பெரும்பாலும் தவறிழைப்பது இங்குதான். 2022 கணக்கெடுப்பின்படி அந்நாட்டில் இந்தியக் குடிமக்கள் 45,000-க்கும் மேற்பட்டோர் வாழ்கின்றனர். வசிப்பிட அனுமதி அட்டை குடியரசுக்குள் வாழும் உரிமையை மட்டுமே தருகிறது. வட அயர்லாந்துக்குச் செல்ல அவர்கள் தனியாக ஐக்கிய ராஜ்ய விசா பெற வேண்டும். வார இறுதியில் நண்பர்களுடன் சைக்கிள் எடுத்துப் புறப்படும் மாணவருக்கு இது தெரிவதில்லை. உடன் வரும் ஐரிஷ் நண்பருக்கும் தெரிவதில்லை. அவருடைய வாழ்க்கையில் அப்படியொரு கேள்வியே எழுந்ததில்லை. விதிகள் மாறக்கூடியவை என்பதால், பயணத்துக்கு முன் இரு அரசுகளின் அதிகாரப்பூர்வக் குடிவரவு இணையதளங்களைப் பார்த்துக்கொள்வது அவசியம்.

சாலை விதி, பருவம், போக்குவரத்து

இந்தியாவைப் போலவே இரு பக்கமும் இடப்புறமே வாகனங்கள் செல்கின்றன, பழகிக்கொள்ள நேரமாகாது. தலைக்கவசம் இரு பக்கமும் சட்டப்படி கட்டாயமில்லை. இருட்டிய பின் முன்பின் விளக்குகள் கட்டாயம். குடியரசில் கிராமப்புற உள்ளூர்ச் சாலைகளின் பொது வேக வரம்பு 2025 பிப்ரவரியில் மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 60 ஆகக் குறைக்கப்பட்டது. எல்லையைக் கடந்ததும் அதே அகலமுள்ள சாலையில் வரம்பு மணிக்கு 60 மைல், அதாவது சுமார் 96 கிலோமீட்டர். எண் ஒன்றே, அலகு வேறு. வளைவுகளில் எதிரே வருபவர் எந்த நாட்டு வேகத்தில் வருகிறார் என்பதைச் சைக்கிள் ஓட்டி ஊகித்துக்கொள்ள வேண்டும். சைக்கிளை ஆபத்தான முறையில் முந்துவது குடியரசில் 2019 முதல் தனிக் குற்றமாக்கப்பட்டுள்ளது. அவசர உதவிக்கு 999, 112 ஆகிய இரு எண்களும் இரு பக்கமும் செயல்படும்.

மே முதல் ஆகஸ்ட் வரை ஏற்ற காலம். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் மாலை நான்கு மணியளவில் இருட்டிவிடும். கோடையிலும் வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும். மழைக்குப் பருவம் இல்லை. ஆண்டுக்கு மொத்தமாகப் பெய்யும் மழை சென்னையைவிட மிகுதி என்று சொல்ல முடியாது. ஆனால் சென்னையில் சில வாரங்களில் கொட்டித் தீர்ப்பது இங்கு ஆண்டு முழுவதும் தூறிக்கொண்டே இருக்கிறது. தீவின் கிழக்கில் ஆண்டுக்குச் சுமார் 150 நாட்களும், மேற்கில் சில இடங்களில் 225 நாட்கள் வரையும் மழை பெய்கிறது. மழைச்சட்டை இல்லாமல் ஒரு மணி நேரப் பயணத்துக்கும் புறப்படக்கூடாது.

செப்டம்பரில் செல்வோர் கூடுதல் டியூபுகளை எடுத்துச் செல்ல வேண்டும். பறவைகள் கூடு கட்டும் காலம் என்பதால் மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை வேலிச் செடிகளை வெட்டத் தடை உள்ளது. தடை நீங்கியதும் பண்ணையாளர்கள் இயந்திரங்களைக் கொண்டு வேலிகளைக் கழிக்கத் தொடங்குகிறார்கள். வேலமுள்ளுக்குச் சற்றும் குறையாத முட்கள் சாலை முழுவதும் சிதறுகின்றன. ஒரே நாளில் மூன்று முறை பஞ்சர் ஒட்டுவது அக்காலத்தில் வியப்புக்குரியதல்ல.

ஃபெர்மானாவில் இன்று ரயில் பாதையே இல்லை. எனிஸ்கில்லனுக்குச் சென்ற கடைசி ரயில்கள் 1957-இல் நின்றுபோயின. அவற்றுள் ஒன்றான எனிஸ்கில்லன்–ஸ்லைகோ பாதையை நடைபாதையாகவும் சைக்கிள் பாதையாகவும் மாற்றும் திட்டம் எல்லையின் இருபுறமும் பரிசீலனையில் உள்ளது. இப்போதைக்கு டப்ளின் கானலி நிலையத்திலிருந்து ஸ்லைகோ செல்லும் ரயிலில் கேரிக்-ஆன்-ஷானன் வரை சென்று, அங்கிருந்து ஓட்டத் தொடங்குவதே எளிய வழி. ரயிலில் சைக்கிளுக்கான இடங்கள் மிகக் குறைவு என்பதால் முன்பதிவு செய்துகொள்ள வேண்டும். சைக்கிளை அங்கேயே வாடகைக்கு எடுத்துக்கொள்ள எண்ணுவோர் டப்ளினிலிருந்து கேவன் வழியாக எனிஸ்கில்லன் செல்லும் பேருந்தைப் பயன்படுத்தலாம். அப்பேருந்து பெல்டர்பெட்டைத் தாண்டி மிட்செல் பாலத்தின் வழியே எல்லையைக் கடக்கும். அதில் ஏறும் முன்பே விசாவைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.